பின்னட்டைத் திருத்தம்

பிப்ரவரி 9

வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். அதாவது சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்மேல் எரிந்து விழுகிறார். மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் பதிப்பகத்துக்கு இருப்பது ஒரே பெட்டி, காலையில் அதை முதலில் திறப்பவர் அவர். ஃபோனில் பேசலாமென்றால், இந்த வீட்டில் நான் சமையலறையில் பெருமூச்சு விட்டாலே கூடத்தில் கேட்கும். அதனால்தான் தாளும் பேனாவும். இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது மட்டும் என்ன என்று கேட்பாய். கேள், உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

நம் கால்நடை மருத்துவ இதழ் படுத்துவிட்டது. அக்டோபர் இதழே இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கட்டுரை இல்லாமல் இல்லை, என் மேஜைமேல் குவிந்து கிடக்கிறது. படித்துப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மதிப்பிட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் மகனோடு போய் இருந்துகொண்டார், பதிலே போடுவதில்லை. இன்னொருவருக்குக் கண் தெரியவில்லை. எதைக் கொடுத்தாலும் வெட்டித் தள்ளுவாரென்று நீ 'வெட்டுக்கிளி' என்று பெயர் வைத்தாயே, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அது தெரியாமல் நான் அவருக்கு நினைவூட்டல்மேல் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். கடைசியில் அவர் மருமகள் கூப்பிட்டாள். "மாமா உயிரோட இருந்தாக்கூட இப்படி அவசரப்படுத்தினா குடுக்க மாட்டாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஃபோனை வைத்துவிட்டு அழுதேன்.

புதிதாக எழுதுகிற பிள்ளைகள் நல்ல வேலைதான் செய்கிறார்கள். எழுதத்தான் தெரியவில்லை. முடிவை முதல் பத்தியில் சொல்லிவிட்டு, எப்படிச் செய்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். அதையெல்லாம் நான் உட்கார்ந்து பிரித்துக் கோர்க்கிறேன். சந்தாவை நிறுத்துகிறோம் என்று நூலகங்கள் எழுதுகின்றன. போன வாரம் உன் அண்ணன் நகம் வெட்டிக்கொண்டே, "இந்த டிசம்பரோட மூடிடலாம்" என்றார். கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு வா என்பது மாதிரிச் சொன்னார். கல்யாணமாகி வந்த மறுமாதம் என் கையில் மெய்ப்புத் தாளைத் திணித்தவர் அவர்தான். அதற்கப்புறம் எனக்கென்று தெரிந்த வேலை இது ஒன்றுதான். இது மூடக் கூடாது, வாலு.

நீ வேலை செய்கிற அந்த இணைய அமைப்பு என்னதான் செய்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. சேர்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பதிலை வீட்டுக்கு அனுப்பு. தபால் வருகிற நேரத்தில் அவர் பதிப்பகத்தில் இருப்பார்.

அண்ணி

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

பதறத்தான் செய்தேன். 'எரிந்து விழுகிறார்' என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். நான் பதிப்பகத்தை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு அண்ணன், "எங்க உழைப்ப ஊருக்கு வாரி விட்டுட்டு நீ நல்ல பேர் வாங்கிக்கப் பாக்குற" என்று கத்தினாரே, அது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அண்ணன் கத்துவது எனக்குப் புதிதா என்ன? நீங்கள் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தீர்கள். தலையை நிமிர்த்தவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் வலித்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு மாடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற மேஜைக்குத் தினமும் சண்டை நடக்கும். நல்ல நூலகம் இல்லாத ஊர்களில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். முதல் கட்டுரை எழுதத் திணறுகிறவருக்கு, அந்தத் துறையிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரைச் சேர்த்துவிடுகிறோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி திருத்திக் கொடுப்பார். எப்படிச் செய்தோம் என்பதை எழுத மறந்துவிட்டாய் என்று அவரே தலையில் குட்டிவிடுவார், அந்த வேலை உங்கள் மேஜைக்கு வராது. மதிப்பிட்டுக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். கட்டுரை கிடைக்காதவர்கள் கேட்கிறார்கள், கிடைத்தவர்கள் கொடுக்கிறார்கள். பதிப்பகங்கள் சேர்ந்தால் இதெல்லாம் அவர்களுக்கும் திறந்திருக்கும். யார் படிக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பதிலுக்கு, நூலகம் இல்லாத ஊர்களுக்குப் பழைய இதழ்களைத் திறந்துவிட வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் 'வாரி விடுவது' என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் இதழ்களில் நம்முடையதும் ஒன்று. வெளியே இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், நீங்கள் உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை என்கிறீர்கள். கிடைக்காதவர்கள் சும்மாவும் இல்லை. எங்கோ ஒரு நூலகத்தில் போய் ஃபோனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஒரு படத்தில் யாருடைய கட்டைவிரலோ பாதி வரியை மறைக்கிறது. அந்த வரியில் என்ன இருந்தது என்று இன்னொருவர் கேட்கிறார்.

வாலு

---

மார்ச் 6

வாலுவுக்கு,

நிமிர்ந்து பார்த்து நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன் பக்கம் பேசினால் நீ பையோடு கிளம்பிவிடுவாய், இந்த வீட்டில் அவரோடு இருக்கப்போவது நான். அவர் பக்கம் பேசினால் அது பொய்யாகியிருக்கும். சிவப்புப் பேனா ஓடியது என்கிறாயே, அந்தப் பக்கத்தை மறுநாள் எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்த இடத்தையெல்லாம் திருத்தி வைத்திருந்தேன்.

நான்கு நாள் யோசித்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சை எடுத்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "இப்படியெல்லாம் இணையத்துல இருக்காமே" என்றேன். அவரா ஏமாறுகிற ஆள்?

"அவ எழுதினாளா?"

"யார் எழுதினா என்ன? நமக்கு ஆள் கிடைக்கும்ல?"

"ஓசியில படிக்கக் குடுத்துட்டு அப்புறம் சந்தா கட்டுடான்னா எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் எவன் கட்டுறான்?"

பதில் இல்லாதபோது அவர் தட்டைத் தானே கழுவுவார். கழுவினார். எனக்கு அலுத்துவிட்டது, வாலு. சண்டை போடக்கூட உடம்பில் தெம்பில்லை. படுத்தால் போதும் என்றிருக்கிறது.

ஒன்று செய். நாங்கள் சேரவில்லை. ஆனால் அந்தப் பெயர்களில் இரண்டு பேரை மட்டும் எனக்குக் கைமாற்றிக் கொடு. தோல் நோய் தெரிந்தவர் ஒருவர், ஒட்டுண்ணி தெரிந்தவர் ஒருவர். உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அக்டோபர் இதழை மட்டுமாவது வெளியே தள்ளிவிடுகிறேன்.

அண்ணி

---

மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

முடியாது. ஓசியில் கொடுக்கக் கூடாது, வாங்குவது மட்டும் ஓசியிலா? அண்ணன் என்னைத் திருடி என்று சொல்லாமல் சொன்னார். இப்போது நீங்கள் என்னை நிஜமாகவே திருடச் சொல்கிறீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுதியதை அடிக்கப்போவதில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. முந்தாநாள் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு கால்நடை மருத்துவர், பெண். சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். நம் இதழில் வந்த ஒட்டுண்ணி மருந்துக் கட்டுரையின் அட்டவணையை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு பண்ணையில் கன்றுகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். அப்படியே எழுதியிருந்ததைக் கீழே தருகிறேன்.

"அளவில் நான் எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள். எடை பார்த்துத்தான் கொடுத்தேன். கன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. பண்ணைக்காரர் இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் கூப்பிடுவதில்லை. தவறு என்னுடையது என்றால் தெரிந்துகொள்ள வேண்டும்."

அட்டவணையைத் திறந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. கன்றுக்கான அளவும் வளர்ந்த மாட்டுக்கான அளவும் தலைப்பு மாறி அச்சான அதே அட்டவணை, அண்ணி. கட்டுரை எழுதியவரே சுட்டிக்காட்டி எழுதினாரே, நாம் திருத்தம் போட்டோமே, நானே அதைக் கட்டம் கட்டிக் கொடுத்தேனே. அப்புறம் எப்படி அவருக்குத் தெரியாமல் போனது?

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். 'இந்த அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள்' என்று அதன் கீழே உடனே எச்சரிக்கை போட்டேன். கோபம் வந்தால் வரட்டும். ஆனால் நான் யார்? இணையத்தில் பெயர் மட்டும் தெரிந்த ஒருத்தி. ஒருவர் அதற்குள் கேட்டுவிட்டார்: "பதிப்பகம் சொன்னதா?"

வாலு

---

மார்ச் 25

வாலுவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன்.

திருத்தம் போட்டோம். அடுத்த இதழிலேயே போட்டோம். எடுத்துப் பார்த்தேன், பின்னட்டையின் உள்பக்கத்தில், கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் இருக்கிறது. பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு உடனே காட்டு. நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. உன் அண்ணனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், தப்பை மறைக்கிற ஆள் இல்லை அவர். பின்னட்டையில் போடச் சொன்னதே அதற்காகத்தான். உனக்கு ஞாபகம் இருக்குமே. "படிக்கிறவன் இதழைக் கையில எடுத்ததும் பின்னாடிதான் புரட்டுவான். தப்பை அங்கதான் ஒத்துக்கணும், உள்ள எங்கயோ மூலையில இல்ல" என்பார். ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாத் திருத்தமும் அங்கேதான்.

அந்த அம்மா ஒரு இதழை மட்டும் பார்த்திருப்பார், அடுத்ததைப் பார்த்திருக்க மாட்டார். அப்படித்தான் ஆகியிருக்கும். இல்லையா?

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அண்ணி

---

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணி,

மருத்துவரிடம் பிரதியைக் காட்டிவிட்டேன். "சரி" என்று ஒரு சொல் மட்டும் வந்தது.

நீங்கள் சொன்னதை நம்பத்தான் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இங்கே இருக்கிற பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். நம் இதழ் ஆண்டு வாரியாகக் கெட்டியாகக் கட்டப்பட்டு, முதுகில் பொன் எழுத்தோடு, அடுக்கில் கம்பீரமாக நிற்கிறது. பார்த்ததும் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஆண்டுத் தொகுதியை எடுத்து, திருத்தம் வந்த இதழ் முடிகிற இடத்தைத் தேடினேன். கடைசிக் கட்டுரை முடிகிறது. அதற்கடுத்த பக்கத்தில் அதற்கும் அடுத்த இதழ் தொடங்குகிறது. பின்னட்டை இல்லை. முன்னட்டையும் இல்லை.

நூலகரிடம் ஓடினேன். "இதுல அட்டையெல்லாம் எங்கங்க?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "பைண்டிங்குக்குப் போனா அட்டையைக் கிழிச்சுட்டுத்தாங்க தைப்பாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான். அட்டையில என்னங்க இருக்கப் போவுது, விளம்பரம்தானே?"

எல்லாத் தொகுதியையும் புரட்டினேன். ஒன்றில்கூட இல்லை. நாம் ஒத்துக்கொண்ட அத்தனை தவறும் பைண்டிங் கடையில் குப்பைக்குப் போயிருக்கிறது. தவறுகள் மட்டும் பொன் எழுத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. படம் பிடித்துப் போட்டவர் பிடித்தது இப்படி ஒரு தொகுதியிலிருந்தாகத்தான் இருக்கும்.

இத்தனை வருஷம் இதழ் நடத்தியிருக்கிறோம். நம் இதழ் ஒரு நூலகத்தில் எப்படி இருக்கும் என்று நம்மில் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அனுப்பினோம், அத்தோடு சரி. படிக்கிறவர் பக்கத்திலிருந்து நமக்கு ஒரு சத்தமும் வந்ததில்லை, நாமும் காது கொடுக்கவில்லை. இந்த அம்மா கேட்டது நமக்கு எட்டியதே, நான் இங்கே உட்கார்ந்திருப்பதால்தான். நான் இல்லாவிட்டால் அவர் சாகிறவரை தன்மேல்தான் தவறு என்று நினைத்திருப்பார்.

இனி அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சந்தா, டிசம்பர், அதெல்லாம் அப்புறம். பதிப்பகம் தன் பெயரில் வந்து, அந்த அட்டவணையோடு திருத்தத்தை ஒட்டவைக்க வேண்டும். அதைச் செய்ய என்னால் முடியாது, உங்களால்தான் முடியும். நீங்கள் சொல்லாவிட்டால் நானே கிளம்பி வருவேன்.

வாலு

---

ஏப்ரல் 19

வாலுவுக்கு,

சொன்னேன். உன் கடிதங்களை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன், நான் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முதலில், "நாம போட்டோம்ல? கிழிச்சது அவங்க" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் வந்தார். இங்கே உள்ள நூலகத்துக்குத்தான் போயிருக்கிறார். கை முழுக்கப் புத்தகத் தூசி. "எல்லாத்தையும் கிழிச்சிருக்கான்டி" என்றார். அவர் என்னை டி போட்டுக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. "நான் யோக்கியன்னு நெனச்சுட்டு இருந்தேன். தப்பை ஒத்துக்கிட்டது ஒருத்தருக்கும் தெரியவே இல்ல." அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கியைத் திறந்து, ஆரம்பத்திலிருந்து எல்லா இதழையும் இறக்கினார். பின்னட்டைகளை நான் வாசிக்க, அவர் கணினியில் ஏற்றினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. தலைப்பு மாறியது, படம் மாறியது, ஒரு சோதனையில் எத்தனை ஆடு என்பதே மாறியது என்று வந்துகொண்டே இருந்தது. சிலவற்றைப் படிக்கும்போது நிறுத்தி, "இதை யாராச்சும் பாத்துக் குடுத்திருப்பாங்களா?" என்று என்னையே கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? முதுகு வலி உயிரை எடுத்தது. இவ்வளவு சோர்வு இத்தனை வருஷத்தில் வந்ததில்லை.

சேர்ந்துவிட்டோம் என்பது உனக்கு இந்நேரம் திரையில் தெரிந்திருக்கும். பழைய இதழ்களை ஏற்றுவதற்கு முன்னால் திருத்தங்களைத்தான் ஏற்ற வேண்டும் என்று அடம்பிடித்தார். உங்கள் அலுவலகத்தில் யாரோ, பதிப்பகங்கள் நல்ல கட்டுரைகளோடுதான் அறிமுகமாகும் என்றார்களாம். "நாங்க இப்படித்தான் அறிமுகமாவோம்" என்று பதில் போட்டார். அந்த மருத்துவ அம்மாவுக்கும் தன் கையெழுத்திட்டு எழுதியிருக்கிறார். தவறு உங்களுடையது இல்லை, எங்களுடையது, இந்தக் கடிதத்தைப் பண்ணைக்காரரிடமும் காட்டுங்கள் என்று. எனக்குக் காட்டாமலேயே அனுப்பிவிட்டார். எழுத்துப் பிழை இருந்திருக்கும், இருக்கட்டும்.

டிசம்பர் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

அண்ணி

---

மே 5

அன்புள்ள அண்ணி,

திரையில் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்தபோது என் நாற்காலியை விட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மின்விசிறி மேஜையை அதற்குள் ஒருவன் பிடித்துக்கொண்டான், போகட்டும்.

திருத்தங்களை இதுவரை நிறையப் பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், இவ்வளவு தவறு செய்கிற இதழை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னொருவர், மற்ற இதழ்கள் தங்கள் தவறுகளை எங்கே வைத்திருக்கின்றன என்று திருப்பிக் கேட்டார். நான் இடையில் புகவில்லை. தோல் நோய்க் கட்டுரைகளை மதிப்பிட ஒருவர் உங்கள் இதழின் பெயரைப் பார்த்துத் தானாகவே பதிந்திருக்கிறார். இதை நான் திருடித் தரவில்லை, முறைப்படி வருகிறது.

மருத்துவர் அண்ணனுக்குப் பதில் போட்டாரா? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

வாலு

---

மே 23

வாலுவுக்கு,

பதில் வந்தது. உன் அண்ணன் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். சின்னக் கடிதம்தான். உங்கள் கடிதத்தைப் பண்ணைக்காரரிடம் காட்டினேன், அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் போன வாரம் ஒரு மாட்டுக்குப் பிரசவம் சிக்கலானபோது ஆள் அனுப்பினார் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத எனக்கு வரவில்லை. இனி ஒட்டுண்ணி மருந்து பற்றி எதை அச்சிடுவதானாலும், அச்சிடும் முன்னால் எனக்கு அனுப்புங்கள். நான் பார்க்க வேண்டும். பார்க்காமல் உங்களை நம்ப முடியாது."

உன் அண்ணன் என் மேஜையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து அன்றே அனுப்பினார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. இந்த எடை எப்போது பார்த்தது, மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கவனித்தீர்கள், இந்தத் தலைப்பும் இந்த வரிசையும் பொருந்துகின்றனவா என்று மூலத்தோடு ஒப்பிட்டது யார் என்று. கடைசிக் கேள்வி கட்டுரை எழுதியவருக்கு இல்லை, எங்களுக்கு. அவர் சத்தமாக வாசித்தார். "இப்படி ஒரு ஆளுக்காகத்தானே இத்தனை வருஷம் ஊர் ஊரா எழுதிக் கேட்டோம்" என்றார். அப்புறம், "எப்படிக் கெடச்சிருக்காங்க பாரு" என்றார்.

அக்டோபர் இதழ் அச்சுக்குப் போகிறது. திருத்தங்கள் இனி உள்ளே முதல் பக்கத்தில். அடுத்த வருஷத்து முதல் இதழுக்கு என்னென்ன என்று நேற்று அவராகவே கேட்டார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஏதாவது நிறுத்திக் கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

இதை அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். கடிதத்தில் அவர் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவை நீட்டினேன். வாங்கினார், வைத்துக்கொண்டே இருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். உனக்கு அவரைத் தெரியாதா?

அதனால் நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஃபோன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டார். நேராக இதழைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். உங்கள் அமைப்பில் அது சரியில்லை, இது சரியில்லை என்பார். திட்டுகிற மாதிரிதான் இருக்கும். நடுவில் பேச்சு நின்றுபோகும், கொஞ்ச நேரம் சத்தமே வராது.

அப்போது ஃபோனை வைத்துவிடாதே.

அண்ணி